ஆனதோத் – மறந்துபோன ஒரு ஆசாரியர் பட்டணம்

(வேத ஆராய்ச்சிப் பகுதி)



சில வாரங்களுக்கு முன் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சின்ன கேள்வி கேட்டேன். ஷிப்ட் முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் அதிகம். பெத்லகேம் யாருடைய ஊர் என்றதும் எல்லாரும் சொன்னார்கள். நாசரேத்து, பெத்தானியா, கப்பர்நகூம், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "ஆனதோத்?" என்றேன். சத்தமே இல்லை. பிறகு ஓவர்லாக் தைக்கிற ஒரு தம்பி, "அது ஆள் பேருங்களா, ஊர் பேருங்களா பாஸ்டர்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தம்பி கேட்டதில் தப்பில்லை. 1 நாளாகமம் 7:8-ஐப் பாருங்கள். பெகேரின் குமாரரில் ஒருவனுக்கு ஆனதோத் என்றுதான் பேர். ஆள் பேராகவும் இருக்கிறது, ஊர் பேராகவும் இருக்கிறது.

வேதத்தில் இந்த ஊர் வருகிற இடங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் அவற்றை ஒன்றாகக் கோர்த்துப் பார்த்தால் சீலோவில் ஆரம்பித்து பாபிலோன் சிறையிருப்பு முடிந்து திரும்பி வருகிறவரைக்கும் ஒரே நூல் ஓடுகிறது. அந்த நூலைத்தான் இந்த இதழில் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். வசனங்களை முழுசாக இங்கே எழுதவில்லை, நீங்களே எடுத்துப் பார்க்க வேண்டும்.

13 பட்டணங்களில் ஒன்று

லேவி கோத்திரத்துக்குத் தனியாக ஒரு தேசபாகம் கிடையாது என்பது நமக்குத் தெரியும். மற்ற கோத்திரங்கள் தங்கள் பங்கிலிருந்து பட்டணங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 48. அதில் ஆரோனின் வம்சத்தாருக்கு, அதாவது ஆசாரியர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை 13. யோசுவா 21-ல் அட்டவணை இருக்கிறது. யூதா, சிமியோன் கோத்திரங்களிலிருந்து 9, பென்யமீனிலிருந்து 4. அந்த நாலு: கிபியோன், கேபா, ஆனதோத், அல்மோன்.

பட்டணத்தோடு சேர்த்து அதைச் சுற்றியிருக்கிற வெளிநிலமும் கொடுக்கப்பட்டது. மதிலிலிருந்து ஆயிரம் முழம் என்று எண்ணாகமம் 35:4 அளவு சொல்லுகிறது. நம்ம கணக்கில் சுமார் 450 மீட்டர். ஆடுமாடு மேய்வதற்கான இடம் அது. இந்த வெளிநிலத்தை விற்கக்கூடாது என்று லேவியராகமம் 25:34-ல் கண்டிப்பான கட்டளையும் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஊர் பேரைப் பற்றி ஒரு வார்த்தை. கானானியர் அனாத் என்று ஒரு யுத்த தேவதையைக் கும்பிட்டார்கள். சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷாம்ரா என்கிற இடத்தில் 1929 முதல் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் அவளுடைய கதைகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனதோத் என்கிற பேர் அவளிடமிருந்து வந்தது என்பதே அறிஞர்களில் பெரும்பாலோருடைய கருத்து. ஆசாரியர் குடியிருக்கிற பட்டணத்துக்கு விக்கிரகத்தின் பேரா என்று ஒரு சகோதரி ஆச்சரியப்பட்டார்கள். தானியேலுக்குப் பாபிலோனில் பெல்தெஷாத்சார் என்று பேர் வைத்தார்களே. பேர் பழசு, வந்து குடியேறினவர்கள் புதுசு. நம்மில் எத்தனை பேருக்கு ரேஷன் கார்டில் இன்னும் பழைய பேர் இருக்கிறது!

அபியத்தார் வந்து சேர்ந்த வழி

ஆனதோத்தின் பேர் முதன்முதலாகப் பெரிதாகக் காதில் விழுவது ஒரு தண்டனையில். 1 இராஜாக்கள் 2:26-27. ஆனால் அங்கே நேரே குதித்தால் ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீலோவில் ஏலி ஆசாரியனாயிருந்தான். அவன் பிள்ளைகள் காணிக்கையை அசட்டை பண்ணினார்கள், ஏலி அவர்களை அடக்கவில்லை. ஒரு தேவமனுஷன் வந்து அந்த வீட்டின்மேல் வரப்போகிற நியாயத்தீர்ப்பைச் சொன்னான் (1 சாமு. 2:27-36). பெட்டி பெலிஸ்தர் கையில் போயிற்று. சீலோவும் அழிந்தது. அதன் அழிவை வேதம் அந்த இடத்தில் விவரமாகச் சொல்லுகிறதில்லை, ஆனால் மண் சொல்லுகிறது. 1926 முதல் 1932 வரை டென்மார்க் நாட்டாரும், பிறகு 1981 முதல் 1984 வரை இஸ்ரவேல் ஆய்வாளர் ஃபிங்கல்ஸ்டைனும் சீலோவில் தோண்டினார்கள். கி.மு. 11-ம் நூற்றாண்டில் பெரிய தீயில் எரிந்து இடிந்துபோன கட்டடங்களும், உடைந்த ஜாடிகளும் அங்கே வெளிப்பட்டன.

அதற்குப் பிறகு ஆசாரியர் நோபில் கூடினார்கள். தாவீது ஓடி வந்து அகிமெலேக்கிடம் சமுகத்தப்பம் வாங்கின இடம் அதுதான். ஏதோமியனாகிய தோவேக்கு அதைப் பார்த்து சவுலிடம் காட்டிக்கொடுத்தான். ஒரே நாளில் 85 ஆசாரியர் வெட்டுண்டார்கள் (1 சாமு. 22:18). ஊரிலிருந்த பெண்களும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் தப்பவில்லை. தப்பினவன் ஒருவன், அகிமெலேக்கின் குமாரனாகிய அபியத்தார். அவன் ஏபோத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தாவீதிடத்துக்கு ஓடி வந்தான்.

யோசித்துப் பாருங்கள். தகப்பன் செத்தான், தகப்பன் வீட்டார் எல்லாரும் செத்தார்கள், அதுவும் தாவீதுக்கு ஒரு அப்பம் கொடுத்த குற்றத்துக்காக. தாவீதே அந்தப் பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டு பேசுகிறதை 22:22-ல் பார்க்கிறோம். அதிலிருந்து அபியத்தார் தாவீதை விட்டுப் பிரியவேயில்லை. கெபி, வனாந்தரம், எபிரோன், எருசலேம், அப்சலோமின் கலகம், எல்லாவற்றிலும் கூடவே இருந்தான். பெட்டியைச் சுமந்தான். அப்படிப்பட்டவன் தாவீதின் கடைசிக் காலத்தில் ஆள் தப்பிப்போய் அதோனியாவின் பக்கம் சேர்ந்தான். ஏன் என்று வேதம் சொல்லுகிறதில்லை. நானும் இங்கே ஒரு காரணத்தைக் கற்பித்துச் சொல்லப்போவதில்லை.

சாலொமோன் அவனைக் கொல்லவில்லை. தகப்பனோடு பட்ட பாடுகளை நினைத்து உயிரோடு விட்டான். ஆனால் ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளி, ஆனதோத்திலிருக்கிற உன் நிலத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டான். சீலோவிலே சொல்லப்பட்ட வார்த்தை இப்படி நிறைவேறிற்று என்று வேதமே எழுதுகிறது. பெரிய ஆசாரியனாக இருந்தவன் காட்டு வேலைக்குத் திரும்பினான். நாற்பது ஐம்பது தையல்காரரை வைத்து கம்பெனி நடத்தினவர் பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்கு உட்கார வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? அந்த வலி ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது?

எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் அனாத்தா என்று ஒரு அரபு ஊர் இன்றைக்கும் இருக்கிறது. அமெரிக்க வேத பண்டிதர் எட்வர்ட் ராபின்சன் 1838-ல் அந்த வழியாய்ப் பயணம் பண்ணி, பேர் ஒத்துப்போகிறதைக் கண்டு இதுதான் ஆனதோத் என்று எழுதினார். தூரமும் பொருந்துகிறது. யூத சரித்திரக்காரன் யோசேப்பு எருசலேமிலிருந்து 20 ஸ்தாதி என்று எழுதி வைத்திருக்கிறான். நம்ம பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அனுப்பர்பாளையம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நடந்து போய் தேவாலயத்தில் பிரசங்கித்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் அனாத்தாவில் கண்ணில் படுகிற பழைய மிச்சங்கள் பெரும்பாலும் ரோமர் காலத்துக்கும் அதற்குப் பிந்தின காலத்துக்கும் உரியவை. அதனால் பக்கத்தில் தெற்கே இருக்கிற ராஸ் எல்-கர்ரூபே என்கிற குன்றின்மேல் ஆய்வாளர் கண் வைத்தார்கள். 1936-ல் அங்கே சோதனைக் குழி போட்ட வாலிபர்தான், பிற்காலத்தில் தாண் பட்டணத்தை வருஷக்கணக்காகத் தோண்டின ஆவ்ரகாம் பிரான். தாவீதின் வீடு என்று எழுதின கல்வெட்டு 1993-ல் கிடைத்ததும் இவருடைய தோண்டுதலில்தான். 1936-ல் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 1980-களில் திரும்பவும் அந்தப் பகுதியில் வேலை செய்தார்கள். தேர் எஸ்-சித் என்கிற இன்னொரு மேட்டில் யூதா ராஜ்யத்தின் கடைசிக் காலத்துக் குடியிருப்பு வெளிப்பட்டது. ஆகவே இந்தக் குன்றா அந்த மேடா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஊர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுவது எங்கும் நடக்கிறதுதான். பேர் மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது.

அந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு அது சுலபமாகப் புரியும். மழை மேற்கே கடலிலிருந்து வருகிறது. எருசலேம் மலைமுகட்டைத் தாண்டினவுடனே குறைந்துபோகிறது. ஆனதோத் அந்த முகட்டுக்குக் கிழக்கே, வனாந்தரம் ஆரம்பிக்கிற விளிம்பில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவில் கிடக்கிற நம்ம பூமி மாதிரியேதான். ஒரு பக்கம் விளைச்சல், மறுபக்கம் வறண்ட பள்ளத்தாக்கு, தூரத்தில் யோர்தானும் சவக்கடலும். வனாந்தரத்திலிருந்து அடிக்கிற அனல்காற்றைப் பற்றி எரேமியா பேசும்போது (4:11) அவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் பேசுகிறார்.

எரேமியாவும் அவன் ஊராரும்

எரேமியா 1:1 அவனை ஆனதோத்தின் ஆசாரியரில் ஒருவனாகிய இல்க்கியாவின் குமாரன் என்று அறிமுகப்படுத்துகிறது. நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்த பிரதான ஆசாரியன் இல்க்கியாவும் இவனும் ஒருவனே என்று நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். நானும் ஆரம்பத்தில் அப்படிப் பிரசங்கித்தேன். வேதம் அப்படிச் சொல்லுகிறதில்லை. பிரதான ஆசாரியன் இல்க்கியா சாதோக்கின் வரிசையில் வந்தவன் (1 நாளா. 6:12-13). ஆனதோத்தோ அபியத்தார் தள்ளுண்டு போன இடம். இருவரும் ஒருவரல்ல என்பதே பொருத்தமாகத் தெரிகிறது.

எரேமியா அபியத்தாரின் சந்ததி என்றும் நேரடியாக எழுதப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எருசலேமின் தேவாலயத்தில் நின்றுகொண்டு, சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அதற்கு நான் செய்தது இதற்கும் நடக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறதாக முழங்கினவன் இவன் (7:12-14, 26:6). நூற்றாண்டுகளுக்கு முன் எரிந்துபோன சீலோ, ஆலயத்து ஆசாரியருக்குப் பழங்கதை. ஆனதோத் பிள்ளைக்கு அது பாட்டன் வீட்டுக் கதையாக இருந்திருக்கலாம்.

அந்தப் பிரசங்கத்துக்கு முதலில் பகைத்தது வெளியூரார் அல்ல. 11:18-23-ஐ வாசியுங்கள். ஆனதோத்தின் மனுஷர், கர்த்தருடைய நாமத்தில் பேசாதே, பேசினால் எங்கள் கையால் சாவாய் என்று மிரட்டினார்கள். 12:6 இன்னும் கசப்பானது. அவனுடைய சகோதரரும் தகப்பன் வீட்டாருமே அவனுக்குத் துரோகம் பண்ணினார்கள். முகத்துக்கு முன்னால் இனிமையாகப் பேசினாலும் நம்பாதே என்று தேவனே அவனை எச்சரிக்கிறார். ஆசாரியர் ஊர், பரிசுத்தமான ஊர், ஊழியக்காரர் குடும்பங்கள். அங்கேதான் கொலை ஆலோசனை நடந்தது.

இது சத்தியத்தை ஏற்றுக்கொண்டதினால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குப் புரியும். நம் சபையில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச பேர் இல்லை.

பதினேழு சேக்கல்

இப்போது 32-ம் அதிகாரம். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், கி.மு. 588-587 என்று கணக்கிடுகிறார்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அப்போது அவனுடைய பெரிய தகப்பன் சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான்.

முதலில், விற்கலாமா? வெளிநிலத்தை விற்கக்கூடாது என்று பார்த்தோமே. ஆனால் குடும்பத்தில் ஒருவன் நொடித்துப்போனால் நெருங்கின உறவின்முறையான் அந்த நிலத்தை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று அதே லேவியராகமம் 25-ம் அதிகாரம் (25-ம் வசனம்) சொல்லுகிறது. அனாமெயேல் வெளி ஆளுக்கு விற்கவில்லை. ஆரோனின் வம்சத்துக்குள்ளேயே நிலம் நிற்கிறது. அதனால் கட்டளை மீறப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, நிலம் என்ன நிலம்! எருசலேமுக்கு வடக்கே, சத்துருவின் சேனை நடமாடுகிற பக்கத்தில் கிடக்கிறது. வாங்குகிறவன் போய்ப் பார்க்கக்கூட முடியாது. இதற்கு முன்னே ஒரு தரம் முற்றிக்கை தளர்ந்தபோது பென்யமீன் நாட்டுக்குப் போகப் புறப்பட்டு, பட்டணத்து வாசலிலேயே ஓடிப்போகிறவன் என்று பிடிபட்டு அடி வாங்கினவன் எரேமியா (37:11-15).

மூன்றாவது, விலை. 17 சேக்கல். அப்போது யூதாவில் அச்சடித்த நாணயம் புழக்கத்தில் இல்லை, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். யூதாவின் பட்டணங்களில் கிடைத்த சின்னச் சின்ன கல் எடைகளை வைத்து ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம் என்று கண்டிருக்கிறார்கள். 17 சேக்கல் என்றால் 190 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நம்ம வீட்டுப் பிள்ளைகளின் இரண்டு ஜோடி கொலுசு அவ்வளவுதான். ஆபிரகாம் மக்பேலாவுக்கு 400 கொடுத்தான், தாவீது அர்வனாவின் களத்துக்கும் மாடுகளுக்கும் 50 கொடுத்தான். மாடு முட்டிச் செத்த அடிமைக்கு நஷ்டஈடே 30. அடிமாட்டு விலை என்று சொல்வோமே, அப்படித் தெரிகிறது. ஆனால் நிலத்தின் அளவு சொல்லப்படவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நாலாவது, பத்திரம். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பாருக்கு இரண்டையும் வாங்கி, அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்க வேண்டும் என்று கட்டளை. நம்ம ரிஜிஸ்தர் ஆபீஸில் ஒரு நகல் அவர்களிடம் இருக்கும், மூலப் பத்திரம் நம்ம பீரோவில் இருக்கும். பிற்காலத்தில் யாராவது திருத்திவிட்டார்கள் என்று தகராறு வந்தால் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்றைக்கும் அதே யுக்திதான். ஒரே தாளில் மேலே ஒரு தரம் எழுதிச் சுருட்டிக் கட்டி, கீழே அதையே திறந்தபடி இன்னொரு தரம் எழுதுகிற பழக்கம் ரொம்ப நாள் நீடித்தது. 1961-ல் சவக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில் யாதின் என்கிற ஆய்வாளர், பாபத்தா என்கிற யூத விதவையின் பத்திரக் கட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 2-ம் நூற்றாண்டு. யுத்தத்துக்குப் பயந்து ஓடினவள் நிலப் பத்திரங்களையும் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவற்றில் பல இப்படி இரட்டையாக எழுதிக் கட்டினவைதான். மண்பாண்டத்தில் வைத்தால் நிற்குமா என்றால், சவக்கடல் சுருள்களைக் கேளுங்கள். 1947-ல் மேய்ப்பர் கண்ட ஜாடிக்குள் ஏறக்குறைய 2000 வருஷம் அவை நின்றன.

இத்தனையும் எழுதிவிட்டேன். ஆனால் இந்த அதிகாரத்தை நான் பல வருஷம் சபையில் போதிக்காமல் தாண்டிப் போனேன். அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இரட்சிக்கப்பட்டபோது என் பெரியப்பா மகன்தான் என் டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைத்தவர். அதன்பின் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் கைமடியாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, சாயங்காலத்தில் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்தேன். அண்ணனுக்கு நொய்யல் ஓரத்தில் இரண்டு ஏக்கர் பூமி. 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினபோது ஊரே சந்தோஷப்பட்டது. சாயத்தண்ணீர் வந்து தேங்கினதும் கிணறெல்லாம் உப்பாகிப்போனது உங்களுக்கே தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பட்டறை நின்றால் கம்பெனி எப்படி ஓடும்? வேலையில்லாமல் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போன நாட்கள் அவை. அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏந்தம்பி, பூமிய நீயே வாங்கிக்கடா. வெளியாளுக்குப் போகவேண்டாம். நீ குடுக்கறதக் குடு" என்றார்.

சீட்டு எடுத்த பணம் என்னிடம் கொஞ்சம் இருந்தது. நான் அவருக்கு டீ கூடக் கொடுக்கவில்லை. "அந்த உப்புக்காட்ட வெச்சு நான் என்னங்ணா பண்றது?" என்றேன். பெட்டியைத் தெருவில் வைத்தது மனசுக்குள் இருந்தது, அதை வாயால் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் வெளியாளுக்குக் கிரயம் பண்ணிக்கொடுத்தார். இன்றைக்கு அங்கே ஒரு குடோன் நிற்கிறது. அண்ணன் அதே இடத்தில் இராக்காவல் பார்க்கிறார்.

அனாமெயேல் யார்? எரேமியாவுக்குத் துரோகம் பண்ணின அந்தத் தகப்பன் வீட்டான்தான். அவனே அந்தச் சதியில் இருந்தான் என்று வேதம் சொல்லுகிறதில்லை. ஆனால் அதே வீடு, அதே ஊர். எரேமியா அவனைப் பார்த்து, என்னைக் கொல்லப் பார்த்தீர்களே, இப்போது என் வெள்ளி வேண்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. நிறுத்துக் கொடுத்தான். வாங்கின பிறகுதான் ஜெபத்தில் கர்த்தரிடம் தன் திகைப்பைச் சொல்லுகிறான் (32:16-25). எனக்கோ திகைப்பு முதலிலேயே வந்துவிட்டது, ஜெபம் வரவில்லை.

போன மாதம் அந்தக் குடோனுக்குப் போனேன். என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும். இந்தத் தடவை டீ நான் வாங்கிக்கொண்டு போனேன்.

ஒரு திருத்தம்

பாருக்கைப் பற்றி நான் சபைக்கு முன் சொன்ன ஒன்றை இங்கே எழுத்தில் திருத்த வேண்டும். நேரியாவின் குமாரனும் எழுத்தனுமாகியவனுக்குரியது என்று பொறித்த ஒரு களிமண் முத்திரை 1975-ல் எருசலேமின் பழம்பொருள் கடையில் வெளிவந்தது. பிறகு அதே முத்திரையின் இன்னொரு பதிவு, விரல் ரேகையோடு வெளிவந்தது. பாருக்கின் விரல் ரேகை என்று உலகமெங்கும் பிரசங்கித்தார்கள். நானும் படத்தைப் பெரிதாக்கி சபையில் காட்டி, எல்லாரையும் கைதட்ட வைத்தேன். 2014-ல் கோரன், ஆரியே என்கிற இரண்டு ஆய்வாளர்கள் நுண்ணாடியில் சோதித்து, இரண்டுமே இக்காலத்தில் செய்த போலிகள் என்று முடிவு சொன்னார்கள். தோண்டி எடுத்ததல்ல, கடையில் வந்தது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செக்கிங்கில் உட்காருகிற பிள்ளைகளுக்குத் தெரியும், லேபிள் நன்றாயிருந்தால் பீஸ் நன்றாயிருக்கும் என்று அர்த்தமில்லை.

ஆனால் முறையாகத் தோண்டி எடுத்தவையும் உண்டு. 1982-ல் ஈகால் ஷிலோ என்கிறவர் தாவீதின் நகரத்தில் தோண்டினபோது ஒரே வீட்டில் ஏறக்குறைய 50 முத்திரைகள் கிடைத்தன. எருசலேம் எரிந்த தீயில் தோல் சுருள்கள், பத்திரங்கள் எல்லாம் சாம்பலாயின. அவற்றின்மேல் ஒட்டியிருந்த களிமண் மட்டும் செங்கல்லைப்போல வெந்து நின்றுவிட்டது. அதில் ஒன்று சாப்பானின் குமாரன் கெமரியாவுடையது. பாருக்கு சுருளை வாசித்துக் காட்டினது அவனுடைய அறையில்தான் (36:10). எரேமியாவைத் துரவில் போட்டவர்களில் இருவர், செலேமியாவின் குமாரன் யூகால், பஸ்கூரின் குமாரன் கெதலியா (38:1). அவர்கள் முத்திரைகள் 2005-லும் 2008-லும் எய்லாத் மசாரின் தோண்டுதலில், சில மீட்டர் தூர வித்தியாசத்தில் கிடைத்தன. இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். போலி என்று தீர்ந்ததைச் சொல்லி விசுவாசத்தைக் கட்ட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நூற்றிருபத்தெட்டு பேர்

கடைசியாக, நான் வெகுநாள் விளங்காமல் வைத்திருந்த ஒரு காரியம். 11:23-ல் ஆனதோத்தின் மனுஷரில் மீதியாவார் ஒருவரும் இரார் என்கிற கடினமான தீர்ப்பு இருக்கிறது. ஆனால் எஸ்றா 2:23-ல் பாபிலோனிலிருந்து திரும்பினவர்கள் பட்டியலில் ஆனதோத்தின் மனுஷர் 128 பேர் என்று இருக்கிறது. நெகேமியா 7:27-லும் அதே தொகை, ஒன்றுகூட மாறவில்லை. பெத்லகேமுக்கே எஸ்றாவில் 123 பேர்தான்.

தீர்ப்பு, எரேமியாவின் பிராணனை வாங்கத் தேடினவர்கள்மேல் சொல்லப்பட்டது (11:21). அவர்களையும் அவர்கள் வாலிபரையும் பட்டயமும் பஞ்சமும் பிடித்தது. அதற்குப் பிறகு, அதே தீர்க்கதரிசி தன் கைப்பணத்தைக் கொடுத்து அதே ஊரில் நிலம் வாங்கினான். நிலம் மறுபடியும் விலைக்கு வாங்கப்படும், பத்திரம் எழுதப்படும் என்று கர்த்தர் சொன்னார் (32:43-44). எந்த நாட்டில் என்றும் வரிசையாகச் சொல்லுகிறார், அதில் முதலாவது பென்யமீன் நாடு, ஆனதோத் இருக்கிற நாடு. நெகேமியா 11:32-க்கு வரும்போது அந்த ஊரில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

ஜெபக்கூட்டம் முடிந்தபோது ஒரு சகோதரி, "அந்த மண்பாண்டத்த யாராச்சும் தோண்டி எடுத்தாங்களாங்க பாஸ்டர்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப அந்தப் பத்திரம் யாருக்குப் போச்சு?" என்று ஓவர்லாக் தம்பி விடாமல் கேட்டான். எரேமியாவுக்குப் பெண்சாதியும் இல்லை, பிள்ளையும் இல்லை (16:2). எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டான், திரும்பி வந்ததாக எழுதப்படவில்லை. அந்த நிலத்தில் அவன் ஒரு நாளாவது காலை வைத்ததாகவும் வேதத்தில் இல்லை. திரும்பி வந்த 128 பேரில் யாரோ ஒருவர் அதை உழுதிருப்பார்கள் தம்பி என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டி வைக்கப் போனான்.